சைகோனில் ஒரு பகல் விருந்து



உணவில் குற்றம் காண்பது நம் பெருமானார் (ஸல்) அவர்களின் வழக்கத்தில் இருந்ததில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையென்றால் ஒன்றும் கூறாமல் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆகவே, வியட்நாம் நாட்டில் நாங்கள் உண்ட ஒரு பகலுணவைப் பற்றி எழுதத் தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த உணவில் குறை சொல்ல எதுவுமில்லை. குறையெல்லாம் அதைக் கொண்டுவந்து வைத்த முறையில் இருந்தது. அக்குறை என் உம்மாவின் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும் என்பதால்தான் இதை உங்கள் முன் வைக்கிறேன். அதில் என் பிழையும் கலந்திருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

காரைக்கால், புதுச்சேரி வட்டாரத்து முதியவர்களிடம் ‘சைகோன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் படரும். நம் ஊர்களையும் தென் வியட்நாமையும் ஒரே காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். அதனால் நம்மவர் பலர் கப்பலேறிச் சென்று அங்கே துணிக்கடை வைத்தனர். சிலர் அரசாங்க உத்தியோகமும் பார்த்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசல் நகரின் நடுவே தோங் தூ வீதியில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. 1975இல் போர் முடிந்தபின் நம்மவரில் பெரும்பாலோர் அந்நகரை விட்டு வெளியேறினர். 1976இல் நகரின் பெயரும் ஹோ சி மின் நகரம் என்று மாறியது. எனினும் அங்குள்ள மக்கள் வாய்நிறையச் சொல்வது இன்றும் சைகோன் என்றுதான்.

உம்மாவின் வாப்பா அந்நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். “வாப்பா தொழுத பள்ளியில் நானும் இரண்டு ரக்அத் தொழவேண்டும்” என்பது உம்மாவின் நெடுநாள் ஆசை. எழுபத்து நான்காம் வயதில் அல்லாஹ் அதை நிறைவேற்றித் தந்தான். நானும் என் தம்பியும் உடன் சென்றோம். உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அந்தப் பள்ளியின் தடாகத்து நீரில் ஒளுச் செய்தபோது, உம்மாவின் கண்ணீரும் அந்நீரோடு கலந்தது. லுஹரை முடித்துக்கொண்டு உணவு தேடிப் புறப்பட்டோம்.

வியட்நாமில் நமக்கு உணவு எளிதில் கிடைப்பதில்லை. அந்நாட்டுச் சமையலில் பன்றி இறைச்சி மிகுதி. சில கடைகளில் அதன் கொழுப்பிலேயே பொரிப்பதும் உண்டு. எனினும் பெருநகரில் ஹலால் உணவகங்கள் இருக்கின்றன. ஒருவர் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட ஓர் உணவகத்தைக் கண்டுபிடித்தோம். பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகை, உயர்ந்த கூரை, மஞ்சள் வண்ணச் சுவர்கள், வாயிலில் பெரிய மண்தொட்டியில் தாமரை, மேலே வரிசையாகத் தொங்கும் பட்டுக்கூடு விளக்குகள். பணிப்பெண்கள் அந்நாட்டுக்கே உரிய நீண்ட அங்கி அணிந்து நின்றனர். “வாப்பா இந்த மாதிரி இடத்தைத் தெருவில் நின்று பார்த்திருப்பார்கள், உள்ளே வந்திருக்க மாட்டார்கள்” என்றார்கள் உம்மா.

உம்மாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வேண்டியவற்றைச் சொல்லிவிட்டு, “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று சைகையால் கேட்டேன். பணியாள் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பத்து நிமிடந்தானே என்று நம்பி, “ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் உம்மா” என்றேன். தட்டு கண்ணெதிரே வருமுன் அப்படிச் சொன்னது என் பிழை.

பத்து நிமிடம் இருபதாயிற்று, இருபது நாற்பதாயிற்று. தூணருகே நான்கு பணியாளர்கள் நின்றுகொண்டிருந்தனர். இருவர் கைப்பேசியில் மூழ்கியிருந்தனர். நான் கையை உயர்த்தினேன். ஒருவர் பார்த்தார், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குப் பின் வந்தவர்களுக்கு உணவு வந்தது. எங்கள் மேசைக்கு முதலில் வந்தது, உண்டபின் குடிப்பதற்காகத் தம்பி கேட்டிருந்த காபி. அடுத்து வந்தது நாங்கள் கேட்கவே கேட்காத ஒரு பதார்த்தம். “இது எங்களுடையதன்று” என்று சொல்லி முடிக்குமுன் கொண்டுவந்தவர் போய்விட்டார்.

அப்போதுதான் உம்மாவைப் பார்த்தேன். குளிரூட்டிய அறையில் அவர்களுடைய நெற்றி வேர்த்திருந்தது. கைகள் நடுங்கின. ஏதோ கேட்டேன், பதில் குழறியது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்ததும் நான் எழுந்து ஓடினேன். பணியாளர்களிடமன்று, நேரே சமையலறை வாயிலுக்கு.

அங்கே ஆவிக்கு நடுவே, தலையை முக்காட்டால் மூடிய ஒரு பெண்மணி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தாண்டி உம்மா சாய்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். மொழி தேவைப்படவில்லை. காபிக்காக வைத்திருந்த டப்பாப் பாலில், அந்தக் கெட்டியான இனிப்புப் பாலில், இரண்டு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கினார். தாமே விரைந்து வந்து மேசையருகே மண்டியிட்டு, “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி உம்மாவின் உதட்டில் வைத்தார். உம்மா சிறிது சிறிதாக விழுங்கினார்கள். கால் மணி நேரத்தில் வேர்வை அடங்கியது, கண்கள் தெளிந்தன. அதற்குள் அப்பெண்மணி ஒரு கிண்ணத்தில் அரிசிக் கஞ்சி கொண்டுவந்து தாமே கரண்டியால் ஊட்டினார். அல்ஹம்துலில்லாஹ்!

அவர் கம்போடிய எல்லையருகே உள்ள சௌ தொக் வட்டாரத்தவர். சாம் இனத்து முஸ்லிம். அவ்வின மக்களில் பலருக்கு மலாய் தெரியும். தம்பி மலேசியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் ஆதலால் இருவரும் பேசிக்கொள்ள முடிந்தது. “நீங்கள் ஏன் கூப்பிடவில்லை?” என்று அவர் கேட்டார். அந்நாட்டில் உணவகத்தில் உட்கார்ந்திருப்பவர் பணியாளைக் குரல் கொடுத்து அழைக்க வேண்டுமாம். இளையவரை ‘எம் ஒய்’ என்பார்கள். ‘தம்பி’, ‘தங்கச்சி’ என்று நாம் அழைப்பது போலத்தான். மூத்தவராயின் அண்ணன், அக்காள் என்று பொருள்படும் சொற்கள் உண்டு. அழைக்காத மேசைக்குப் போய் நிற்பது தொந்தரவு என்று கருதுவோரும் உண்டாம். நாங்களோ மரியாதை என்று எண்ணி மௌனமாக இருந்தோம். அவர்கள் அதை அவசரமின்மை என்று எண்ணினார்கள் போலும். ஆயினும், உயர்த்திய கையைப் பார்த்தும் பார்வையைத் திருப்பிக்கொள்வது எந்த நாட்டுப் பண்பும் ஆகாது. அதை அப்பெண்மணியும் ஒப்புக்கொண்டார்.

பிறகு உணவு வந்தது. வாசகர்களே, உள்ளதைச் சொல்ல வேண்டும். அது அருமையான உணவு. ‘ஃபோ’ என்பது மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம் சேர்த்து இறக்கிய சாறு. அதில் அரிசி நூடுல்ஸும் மெல்லிய இறைச்சித் துண்டுகளும் மிதக்கும். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சிலைகள், முளைகட்டிய பயறு, எலுமிச்சை, மிளகாய்; வேண்டியதைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம். நம் பிரியாணி மசாலாவின் உறவினர்கள் அத்தனை பேரும் அந்தச் சாற்றுக்குள் இருந்தும், ஒருவரும் உரக்கப் பேசவில்லை!

அடுத்தது ‘பான் சேவ்’. அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, சட்டியில் ‘சொய்ங்’ என்ற ஓசையோடு வார்ப்பது. அந்த ஓசையே அதன் பெயர். உள்ளே இறாலும் முளைப்பயறும் வைத்து மடித்திருந்தார்கள். அதைப் பிய்த்துக் கீரை இலையில் சுற்றி, மீன்சாற்றில் தோய்த்து உண்ண வேண்டும். நெத்திலி மீனையும் உப்பையும் மரப்பீப்பாயில் ஏறத்தாழ ஓராண்டு ஊறவைத்து வடிப்பது அந்த மீன்சாறு. “நம் தோசைக்குச் சைகோனில் ஒரு தங்கை இருக்கிறாள்” என்று உம்மா சிரித்தார்கள். கோழிக்குழம்பை அவர்கள் ‘கா ரி கா’ என்கிறார்கள். அதிலுள்ள ‘கா ரி’ நம் ‘கறி’தான். நம்மவர் விட்டுவந்த கடைகள் மறைந்தாலும், நம் சொல் அவர்கள் அடுப்பில் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

கணக்குச் சீட்டில், கேட்காத அந்தப் பதார்த்தமும் இருந்தது. சுட்டிக் காட்டினேன், ஒரு கோடு போட்டு அடித்தார் பணியாள். ‘மன்னியுங்கள்’ என்று ஒரு சொல் இல்லை. எனக்குச் சினம் பொங்கியது. மேலாளரை அழைத்து நாலு வார்த்தை கேட்காமல் வெளியேறுவதில்லை என்று எழுந்தேன். உம்மா என் கையைப் பற்றினார்கள். “சொல், ஆனால் நாளை இன்னொருவர் தாய்க்கு இப்படி நேராதிருக்கச் சொல். உன் கோபம் தீரச் சொல்லாதே” என்றார்கள்.

அவ்வாறே சொன்னேன். நடந்ததை வரிசையாக எடுத்துரைத்தேன். மேலாளர் தலைகுனிந்து கேட்டார். நால்வரில் இருவர் அன்றுதான் வேலைக்கு வந்தவர்கள் என்றார். முதியவர்கள் வந்து அமர்ந்தால் முதலில் ஏதேனும் உண்ணக் கொடுத்துவிடும்படி இனிச் சொல்லிவைப்பதாகவும் கூறினார்.

புறப்படுமுன் உம்மா அந்தச் சமையல் பெண்மணியை அருகில் அமர வைத்துக்கொண்டார்கள். நமக்காக அடுப்பின் வெப்பத்தைத் தாங்கிச் சமைத்தவரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள், இல்லையேல் ஓரிரு கவளமாவது கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள் அல்லவா? தட்டில் எஞ்சியிருந்த பான் சேவில் ஒரு துண்டை இலையில் சுற்றி, உம்மா அவர் வாயில் வைத்தார்கள். தாம் வார்த்ததைப் பிறர் ஊட்ட உண்ணும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை போலும், கண்கலங்கினார்.

அன்றிரவு விடுதியில் எனக்கு இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. திருக்குர்ஆனின் 51ஆவது அத்தியாயத்தில் அது இடம்பெற்றுள்ளது. முன்பின் அறியாத விருந்தினர் வருகிறார்கள். அவர்கள் சலாமுக்கு அழகிய பதில் கூறுகிறார்கள் நபியவர்கள். பிறகு, ‘இவருக்குச் சிரமம் கொடுக்கிறோமே’ என்று விருந்தினர் கூச்சப்படாதவாறு ஓசையின்றி வீட்டுக்குள் செல்கிறார்கள். தாமதியாமல் கொழுத்த கன்றின் இறைச்சியோடு திரும்புகிறார்கள். விருந்தினரை எழுப்பி அழைக்காமல், உணவை அவர்கள் அருகிலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். ‘சாப்பிடுங்கள்’ என்று ஆணையிடாமல், ‘உண்ண மாட்டீர்களா?’ என்று கனிவாகக் கேட்கிறார்கள். கன்று கொழுத்தது என்பதற்கு ஒரு சொல்தான். மற்றதெல்லாம் பரிமாறிய பண்பைப் பற்றியே பேசுகின்றன! அந்த உணவகத்தில் கொழுத்த கன்று இருந்தது; மற்றது இல்லை.

ஆனால், நம் வீட்டுப் பந்தியில் இருக்கிறதா? இந்தக் கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை. நம் ஊர்த் திருமணங்களை எண்ணிப் பாருங்கள். சஹனில் இறைச்சி மலைபோல் குவிகிறது. செல்வந்தர் அமரும் வரிசையில் பரிமாறுவோர் மொய்க்கிறார்கள். கடைசிப் பந்தியில் கையை உயர்த்தியவர் உயர்த்தியபடியே இருக்கிறார். ஆண்கள் உண்டு கை கழுவி வெற்றிலை போட்ட பிறகும், பெண்கள் பக்கம் சஹன் வந்தபாடில்லை. அங்கே சர்க்கரை நோயுள்ள ஒரு மூதாட்டியும், பாலூட்டும் ஓர் இளந்தாயும் பிற்பகல் மூன்று மணி வரை காத்திருக்கிறார்கள். விடியற்காலையிலிருந்து கிடாரத்தின் முன் வெந்த சமையல்காரர் உண்டாரா என்று கேட்பவர் யார்? சைகோனில் நான் அரை நாள் பட்டதை, நம் பெண்கள் ஆண்டு முழுவதும் படுகிறார்கள், எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, வாசகர்களே! அடுத்து உங்கள் வீட்டில் விருந்து நடக்கும்போது முதல் சஹனை முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அனுப்புங்கள். பெண்கள் பந்தியை ஆண்கள் பந்தியோடு ஒரே நேரத்தில் தொடங்குங்கள். சமைத்தவரையும் பரிமாறியவரையும் அமர்த்தி, நீங்களே ஒரு கை பரிமாறுங்கள். வெளியூரில் உண்ண நேர்ந்தால், உணவு கண்முன் வராமல் வீட்டு முதியவர்களுக்கு இன்சுலின் ஊசி போடாதீர்கள். சிறிது சர்க்கரையோ மிட்டாயோ பையில் எப்போதும் இருக்கட்டும். குறை கண்டால் உரியவரிடம் சொல்லுங்கள். என் உம்மா சொன்னபடி, அடுத்தவரின் தாய்க்காகச் சொல்லுங்கள்.

பசித்தவர் முன் உணவை வைப்பதோடு, அதைப் பரிவோடு வைக்கும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.