மிச்சமாகுற கரண்டை அடமானம் வைக்க முடியுமா?

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு கேள்வியைப் பத்தி. போட்ட காசை மூணு வருஷத்துல திருப்பித் தந்துடும்னு தெரிஞ்ச ஒரு மெஷினுக்கு, பேங்க் ஏன் கடன் கொடுக்கத் தயங்குது?

முதல்ல இன்ஜினியரிங்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன ஸ்பின்னிங் மில்லை எடுத்துக்குவோம். காத்துல ஈரப்பதம் குறைஞ்சா நூல் அறுந்துபோகும். அதனால ஈரக் காத்தை உள்ளே தள்ளுற பெரிய பெரிய ஃபேன்கள் ராத்திரி பகலா ஓடும். காத்து கம்மியா வேணும்னா, பழைய மில்லுல ஃபேனை முழு வேகத்துலயே ஓடவிட்டு, வழியில இருக்கிற தட்டைப் பாதி மூடுவாங்க. ஆக்சிலரேட்டரை மிதிச்சுக்கிட்டே பிரேக் போடுற கதைதான்.

அதுக்குப் பதிலா ஒரு டிரைவ் மாட்டி, ஃபேனோட வேகத்தையே குறைக்கலாம். ஃபேன் இழுக்கிற மின்சாரம் வேகத்தோட மும்மடிப் பெருக்கத்துல மாறும். வேகத்தை 20 சதவீதம் குறைச்சா 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.512. கிட்டத்தட்ட பாதி மின்சாரம் மிச்சம்!

அப்புறம் ஏன் கடன் கிடைக்கல?

பேங்க் மேனேஜர் இடத்துல இருந்து பாருங்க. மில்லோட நிலம், கட்டடம், பழைய மெஷின் எல்லாம் ஏற்கெனவே பஞ்சு வாங்குற கடனுக்கு அடமானத்துல இருக்கு. புதுசா மாட்டுற டிரைவைக் கழட்டி வித்தா பெரிசா ஒண்ணும் தேறாது. திட்டத்தோட உண்மையான சொத்து மிச்சமாகுற யூனிட்தான். அதை ஜப்தி பண்ண முடியாதே!

இன்னொரு சிக்கல், செலவாகாத கரண்டைக் காட்ட எந்த மீட்டரும் கிடையாது. பில் குறைஞ்சது டிரைவாலயா, ஆர்டர் குறைஞ்சதாலயா? அதனாலதான் முன்னாடியே ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் ஆச்சுன்னு அளந்து வைக்கணும். சாஃப்ட்வேர்ல பெஞ்ச்மார்க் எடுக்காம ஆப்டிமைஸ் பண்ணினேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க இல்லையா, அதே மாதிரி.

கியாரண்டி எங்கே வருது?

இந்த இடத்துலதான் மூணாவது ஆள் ஒருத்தர் வந்து, "நஷ்டம் வந்தா பாதிக்கு மேல நான் ஏத்துக்கிறேன்"னு பேங்க் கிட்ட கையெழுத்துப் போடுறார். நம்ம ஊர் ஜாமீன் கையெழுத்துதான். ஆனா போடுறது மாமா இல்ல, ஒரு நிதியம். அதுக்கு அவர் கட்டணமும் வாங்கிக்குவார்.

ஒரு கற்பனைக் கணக்கு: கடன் 40 லட்சம். பாதி அடைச்ச பிறகு மில் முடங்கிப்போச்சு. வட்டியை விட்டுட்டுப் பார்த்தா பாக்கி 20 லட்சம். கியாரண்டி 75 சதவீதம்னா நிதியம் 15 லட்சம் கொடுக்கும். பேங்குக்கு 5 லட்சம் அடி. அந்த 5 லட்சம் வேணும்னேதான் விட்டு வெச்சிருக்காங்க. முழுசா ஈடு கட்டினா, திட்டம் நல்லதான்னு பார்க்கிற அக்கறையே பேங்குக்கு இருக்காது.

இதைக் கடன் தள்ளுபடின்னு நினைச்சுடாதீங்க. கியாரண்டி காப்பாத்துறது பேங்கை. கடன் வாங்கினவர் கட்ட வேண்டிய பாக்கி அப்படியே நிக்கும், வசூல் நடவடிக்கையும் தொடரும்.

இந்தியாவுல நடந்தது

சின்ன தொழில்களுக்கு அடமானம் இல்லாத கடனுக்கான பொதுவான கியாரண்டியை மத்திய அரசும் சிட்பி வங்கியும் சேர்ந்து 2000-லயே தொடங்கினாங்க. மின் சிக்கனத்துக்குன்னே தனியா ஒரு வசதிக்கு உலக வங்கி 2015-ல் ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் 43 மில்லியன் டாலர். அதை நடத்துற பொறுப்பு சிட்பி கிட்ட போச்சு.

அதுல 37 மில்லியன்தான் நஷ்டத்தைப் பங்கு போட. மீதி 6 மில்லியன் பயிற்சி, தொழில்நுட்ப உதவிக்கு. எனக்கு இந்த 6 மில்லியன்தான் முக்கியமாப் படுது. ஏன்னா, ஃபேன் கணக்கைப் படிக்கத் தெரியாத பேங்க் ஆபீசர், எவ்வளவு கியாரண்டி கொடுத்தாலும் ஃபைலை ஓரமாத்தான் வைப்பார்.

இந்த வசதி எஸ்கோன்னு சொல்ற கம்பெனிகள் வழியா நடக்கிற திட்டங்களுக்காக உருவானது. எஸ்கோ மில்லுக்கு வந்து அளந்து, மெஷின் மாட்டி, இவ்வளவு மிச்சமாகும்னு ஒப்பந்தம் போடும். அந்த மிச்சத்துல இருந்துதான் அதோட காசு வரும். ஆக, இங்கே ரெண்டு வாக்குறுதி இருக்கு. மெஷின் வேலை செய்யும்னு சொல்றது எஸ்கோ. கடன் கெட்டுப்போனா தாங்கிக்கிறேன்னு சொல்றது நிதியம். முதல் வாக்குறுதி பொய்யாப் போச்சுன்னா, ரெண்டாவது வெறும் நஷ்டக் கணக்குதான்.

உங்க வீட்டுலயோ சொந்தத்துலயோ மில், பட்டறை, சாயப்பட்டறை இருந்தா, லோன் அப்ளிகேஷனுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. கடைசி 12 மாச கரண்ட் பில்லையும் அந்தந்த மாச உற்பத்தியையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. பேங்க், எஸ்கோ, நிதியம் எல்லாருமே முதல்ல கேக்கப்போறது அந்தக் கணக்கைத்தான்.

கேள்விகள் இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்!