நடுவானில் இயந்திரம் நின்றால்

மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுகிறோம். சாரதியைச் சற்றே கடிந்தும் கொள்கிறோம். ஒற்றை இயந்திரம் பூட்டிய சிறு விமானமொன்றில் அவ்வியந்திரம் நடுவானில் நின்றால் யாது நிகழும்? நம் மாணாக்கரை இவ்வாறு வினவியபோது, "கல்லைப் போல் விழும்" என்றே பலரும் விடை பகர்ந்தனர். அது தவறு. விமானத்தைத் தாங்குவது இயந்திரமன்று. சிறகுகளைத் தழுவி விரைந்தோடும் காற்றே. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காத்துக்கொண்டால், சிறகசைக்காத பருந்தைப் போல் விமானம் சறுக்கிச் செல்லும். செஸ்னா 172 என்னும் சிறு விமானம் ஓரடி தாழ்வதற்குள் ஏறத்தாழ ஒன்பதடி முன்னே செல்லவல்லது. ஆயிரமடி உயரத்தில் இயந்திரம் நின்றால், காற்றசையாத வேளையில் ஒன்றரை மைலுக்கு மேல் செல்லலாம். ஆயின் விமானிக்குக் கிடைக்கும் நேரமோ ஒன்றரை நிமிடத்திலும் குறைவு.

2015 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆந் திகதி கலிபோர்னியாவில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். 'ஸ்ரார் வோர்ஸ்' படங்களில் விண்கலம் ஓட்டிய நடிகர் ஹரிசன் போர்ட், மெய்யாகவே விமானம் ஓட்டுபவர். அப்போது அவருக்கு வயது 72. 1942 இல் ஆக்கப்பட்ட றையன் பயிற்சி விமானமொன்றில் சாந்தா மொனிகா நிலையத்திலிருந்து தனியே கிளம்பினார். சிறிது நேரத்தில் இயந்திரம் வலுவிழந்தது. கீழே எங்கணும் நெருங்கிய வீடுகள். திரும்பி வருவதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அறிவித்து விமானத்தை வளைத்தார். ஓடுபாதையை எட்ட இயலாதென்பது விரைவிற் புலனாயிற்று. உடனே அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, அண்மையிலிருந்த கொல்ப் மைதானத்தை நோக்கினார். மரமொன்றின் உச்சியில் உராய்ந்து விமானம் தரையில் மோதியது. பலத்த காயம், ஆனால் உயிர் தப்பினார். தரையில் நின்றோர் எவருக்கும் ஊறில்லை.

புறப்பட்ட ஓடுபாதை பின்னே கிடக்கையில் அதனை மறப்பது எளிதன்று. 180 பாகை திரும்பினாற் போதாதோ எனக் கணிதம் பயில்வோர் கேட்கலாம். போதாது. விமானம் நின்ற நிலையில் திரும்புவதில்லை. அரைவட்டம் முடிகையில் பாதைக்கு ஒரு புறமாக விலகிவிடும். மேலும் வளைந்து, பின்னர் நேர்ப்படுத்தவும் வேண்டும். அன்றியும், சரிந்து திரும்பும் விமானம் காற்றில் நிற்பதற்கு நேரே செல்வதிலும் கூடிய வேகம் வேண்டும்: 45 பாகைச் சரிவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கும், 60 பாகையில் ஐந்தில் இரு பங்கும் மிகுதி. நிலம் நெருங்கக் கண்டு அஞ்சி மூக்கை உயர்த்தினாலோ, சிறகுகள் தாங்குந்திறனை இழக்க, விமானம் சுழன்று வீழும். மீளுதற்கு உயரம் இராது. ஆதலின், தாழப் பறக்கையில் இயந்திரம் நின்றால் முன்னே தோன்றும் வெளியில் இறங்குக என்றே பயிற்றுநர் கற்பிக்கின்றனர். விமானம் நொறுங்கினும் நொறுங்குக.

போர்டின் விமானத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையினர் கண்ட காரணம் மிகச் சிறிது. பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேற்றரினுள், எண்ணெயை அளந்து விடும் திருகுறுப்பொன்று காலப்போக்கில் தளர்ந்து கழன்றிருந்தது. எண்ணெய் குறைந்ததனாலன்று, மிகுந்ததனாலேயே இயந்திரம் சோர்ந்தது! விறகை அளவின்றித் திணித்த அடுப்பு புகைந்து அணைவதை நம் இல்லத்தரசிகள் அறிவர்.

கார்புரேற்றர் செய்யும் வஞ்சனை இஃதொன்றன்று. பெற்றோல் ஆவியாகையில் அதன் தொண்டை பெரிதும் குளிர்வதால், காற்றிலுள்ள ஈரம் அங்கே பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். வெளியே 38 பாகை செல்சியஸ் வெப்பமிருப்பினும் இது நேரக்கூடும் என்பது வியப்பன்றோ! இதற்கு மாற்றாக, சூடேற்றிய காற்றை உட்செலுத்தும் பிடியொன்று விமானி அருகே உண்டு. அதனை இழுத்தவுடன் கரைந்த நீர் உட்புகுவதால் இயந்திரம் முன்னிலும் மோசமாகத் தடுமாறும். தாம் பிழை செய்துவிட்டதாக எண்ணிப் புதியவர் சிலர் பிடியை மீண்டும் தள்ளிவிடுவதுண்டு. பனி முற்றாக நீங்கி இயந்திரம் சீராக ஓடுதற்கோ, அரை நிமிடம் முதல் சில நிமிடங்கள் வரை செல்லும்.