எண்ணெயை நிறுத்தினால் போதுமா?

ஈசூனில் பலதுறை மருந்தகத்துக்குப் போய் வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2 என்று இருக்கிறது. மறுநாளே வீட்டில் தோசைக்கு நல்லெண்ணெய் நிற்கிறது. தஞ்சாவூரில் உள்ள அண்ணனுக்குத் தொலைபேசி பறக்கிறது.

“அண்ணே, எனக்குக் கொலஸ்ட்ரால் 5.2 வந்திருக்கு.”

“அடப் போப்பா, எனக்கு 200. உனக்கு வெறும் அஞ்சுதானா!”

உண்மையில் இருவருக்கும் ஒரே அளவுதான். சிங்கப்பூரில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். இந்தியாவில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். இங்குள்ள கொலஸ்ட்ரால் எண்ணை 38.7ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வந்துவிடும். டிரைகிளிசரைடுக்கு மட்டும் 88.6ஆல் பெருக்க வேண்டும். ஊருக்குப் போய் மருத்துவரைப் பார்ப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, அந்தத் தாளில் ‘லிப்பிட்’ என்று போட்டிருக்கிறதே, அது என்ன? ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நீரில் கரையாத உயிர்ப்பொருள்களுக்கு மொத்தமாக வைத்த பெயர்தான் லிப்பிட். தமிழில் கொழுமியம் என்பார்கள். எண்ணெய், நெய், கொலஸ்ட்ரால் எல்லாம் அந்தக் குடும்பம். அதில் பாஸ்போலிப்பிட் என்று ஒன்று உண்டு. அதன் தலை நீரை நாடும், இரண்டு வால்களும் நீரைக் கண்டால் ஒதுங்கும். இவற்றைத் தண்ணீரில் விட்டால் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு, தலைகளை இருபுறமும் வெளியே காட்டி, தாமாகவே ஈரடுக்காக நின்றுவிடும். நம் உயிரணு ஒவ்வொன்றையும் சூழ்ந்திருக்கும் சவ்வு இதுதான். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் தடிமன்.

1925ல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின் மேல் பரப்பினார்கள். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இடத்தை அடைத்தது. அப்படியானால் இரண்டு அடுக்கு என்று முடிவு செய்தார்கள். கொழுப்பை முழுதாகப் பிரிக்கவில்லை, மேற்பரப்பையும் குறைத்து அளந்துவிட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டியதால் விடை மட்டும் சரியாக வந்தது!

இந்தச் சவ்வு இறுகவும் கூடாது, ஒழுகவும் கூடாது. தேங்காய் எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கட்டியாகிவிடுகிறது, நல்லெண்ணெய் அப்படி ஆவதில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு இழைகள் பெரும்பாலும் நேரானவை. அடுக்கி வைத்த விறகுபோல் நெருங்கிப் படுக்கும். நல்லெண்ணெயின் இழைகளில் வளைவு உண்டு, நெருங்காது. சவ்விலும் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. நடுவே கொலஸ்ட்ரால் புகுந்து, இளகினால் இறுக்கியும் இறுகினால் இளக்கியும் பதம் பார்த்துக்கொள்கிறது. ஊரெல்லாம் வில்லனாகப் பேசும் கொலஸ்ட்ரால் இல்லாமல் நம் உயிரணு ஒன்றுகூட ஒழுங்காக இயங்காது. ஆண், பெண் ஹார்மோன்கள், பித்த உப்பு, வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி ஆகியவற்றின் மூலப்பொருளும் அந்தக் கொலஸ்ட்ரால் வழியில் வருவதுதான். உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூளையில் இருக்கிறது. குறைமாதக் குழந்தை மூச்சுவிடத் திணறுவதற்கு முக்கியக் காரணம், நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் கொழுமியப் பூச்சு போதிய அளவு உருவாகாததுதான். 2020 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் போடப்பட்ட ஃபைசர் தடுப்பூசியில் மருந்தைப் பொதிந்து உயிரணுவுக்குள் கொண்டு சேர்த்ததும் கொழுமியத் துகள்தான்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே? கொழுப்பு ரத்தத்தில் கரையாது. புரதம் சேர்ந்த பொட்டலமாகத்தான் பயணம் செய்யும். எல்டிஎல் என்ற பொட்டலம் கொலஸ்ட்ராலை உடலெங்கும் கொண்டுபோகிறது. ஹெச்டிஎல் மிச்சத்தைக் கல்லீரலுக்குத் திருப்புகிறது. எல்டிஎல்லை உள்ளே வாங்கிக்கொள்ளும் ‘வாசற்கதவுகள்’ உயிரணுக்களில் இருப்பதைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985ல் நோபெல் பரிசு பெற்றார்கள். கதவுகள் குறைந்தால் பொட்டலங்கள் ரத்தத்தில் தேங்கும். நாளாவட்டத்தில் குழாய்ச் சுவருக்குள் படியும்.

இதில் இந்தியர்களுக்குத் தனிக் கவலை உண்டு. டாக்டர் டி. ஜே. தனராஜும் அவருடைய குழுவினரும் சிங்கப்பூரின் பிணக்கூராய்வுப் பதிவேடுகளை அலசி 1959ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீனர்களைவிட இந்தியர்களிடம் இதய ரத்தக்குழாய் நோய் பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. தனராஜ் பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் முதல்வரானவர். பிற்கால ஆய்வுகளில் இங்குள்ள இந்தியர்களுக்கு ஹெச்டிஎல் குறைவாகவும் நீரிழிவு கூடுதலாகவும் இருப்பது தெரிந்தது. ஆகவே மொத்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை. தாளில் அடுத்தடுத்த வரிகளையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எண்ணெயை அடியோடு நிறுத்தியவர் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடலே தயாரிக்கிறது. கல்லீரலை எல்டிஎல் விஷயத்தில் அதிகம் பாதிப்பவை நெய், தேங்காய்ப்பால், இறைச்சிக் கொழுப்பு போன்ற நிறைவுற்ற கொழுப்புகளும், எண்ணெயைக் கட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பும். அந்த டிரான்ஸ் கொழுப்பின் முக்கிய ஊற்றான, பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்க்கு சிங்கப்பூர் 2021 ஜூனில் தடை விதித்துவிட்டது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அந்த வரிசையில் இல்லை. கிராமுக்கு 9 கலோரி என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஸ்டேட்டின் மாத்திரை, கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராவதைத் தடுக்கிறது. பற்றாக்குறை கண்ட கல்லீரல் கூடுதல் கதவுகளைத் திறந்து ரத்தத்திலுள்ள எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. “எண் இறங்கிவிட்டதே” என்று பலர் மூன்றே மாதத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய சில வாரங்களில் கல்லீரல் பழையபடி தயாரிப்பைத் தொடங்கும்; கதவுகள் குறையும்; அடுத்த பரிசோதனைத் தாளில் அதே பழைய எண் வந்து நிற்கும்.