பாக்குப் பழக்கமும் மனோநிலையும்

தமிழ்நாட்டில் தாம்பூலம் தரிக்கும் வழக்கம் மிகப் புராதனமானது. கலியாணத்திலும் விருந்திலும் வெற்றிலை பாக்கு வழங்குவது மரியாதையாகக் கருதப்படுகிறது. ஆனால் என்றோ ஒரு நாள் விருந்துண்ட பின் தரிப்பது வேறு. விடிந்தது முதல் படுக்கும் வரையில் பாக்கை வாயில் அடக்கிக்கொண்டே இருப்பது வேறு. பாக்குப் போட்டால் அலுப்புத் தெரியாது, மனம் தெளியும், பசி தாங்கும் என்பது இவ்விரண்டாவது வகையினர் கூறும் காரணம். இக்கூற்றின் உண்மையைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பாக்கின் வேகத்திற்குக் காரணம் அதிலுள்ள அரிகோலின் என்னும் சத்து. இதனை 1888-ம் வருஷத்தில் யான்ஸ் என்னும் இரசாயன சாஸ்திரி பிரித்தெடுத்தார். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு வெறும் ருசிக்காக மட்டும் உதவுவதன்று. சுண்ணாம்பின் காரத்தால் இச்சத்து பாக்கினின்றும் எளிதில் விடுபட்டு, கன்னத்தின் உட்புறச் சவ்வு வழியாக இரத்தத்தில் கலக்கிறது. சில நிமிஷங்களுக்குள் நாடி விரைகிறது. முகம் சிவந்து உடலில் உஷ்ணம் தோன்றுகிறது. நெற்றியில் வியர்வை அரும்புகிறது. மனத்தில் விழிப்பும் இலேசான களிப்பும் உண்டாகின்றன. புகையிலையிலுள்ள நிகோடின் மூளையில் எந்த நரம்பு வாயில்களைத் தட்டுகிறதோ அவற்றில் சிலவற்றை அரிகோலினும் தட்டுகிறதென்று 2015-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. பாக்கையும் புகையிலையையும் சேர்த்துப் போடுவோர் ஒரே வாயிலை இரு கைகளால் தட்டுவோராவர்.

புதிதாகப் பாக்குப் போடுகிறவனுக்குத் தலை கிறுகிறுப்பும் குமட்டலும் ஏற்படுவதுண்டு. நாட்பட நாட்பட இவை மறைந்து போகின்றன. தேகம் பாக்குக்குப் பழகிவிட்டதற்கு இதுவே அடையாளம். முன்பு ஒரு பாக்கில் கிடைத்த ஊக்கத்திற்கு இப்போது இரண்டு மூன்று வேண்டியிருக்கிறது. பாக்கு வாயினுள் இல்லாத நேரமே குறையாகத் தோன்றத் தொடங்குகிறது. பழகினவனுக்கு அது கிடையாதபோது தலைவலி, சோர்வு, கவனக் குறைவு, காரணமற்ற கோபம், மனக் கலக்கம் ஆகியவை தோன்றுகின்றன. மடியிலுள்ள பாக்குத் தீர்ந்துபோன உழவன் மாடுகளை அனாவசியமாக அடிப்பதையும், வீட்டாரிடம் எரிந்து விழுவதையும் கிராமங்களில் காணலாம். அது அவன் பிறவிக் குணமென்று பிறர் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் அது பழக்கத்தின் குணமே.

பிறகு பாக்குக் கிடைத்தவுடன் அவன் மனம் அமைதி அடைகிறது. பாக்கே அமைதி தந்ததாக அவன் நம்புகிறான். கடன்பட்டவன் தவணை வட்டியைக் கட்டிய தினத்தில் நிம்மதியாக உறங்குகிறான்; அதனால் கடன் அவனுக்கு நிம்மதி தந்ததென்று யாரும் சொல்வதில்லை. பாக்கு தரும் அமைதியும் இத்தகையதே. தான் உண்டாக்கிய தொல்லையைத் தானே சிறிது நேரம் விலக்குகிறது; அசல் கடன் குறைவதில்லை.

பசி தாங்கும் என்பதும் இவ்வாறே. பாக்கு பசியுணர்ச்சியை மட்டுப்படுத்துமேயன்றி உடலுக்கு ஆகாரம் ஆவதில்லை. நண்பகல் கஞ்சியைத் தள்ளிவைத்துப் பாக்கை மெல்லுகிறவனுக்குப் பிற்பகலில் பலமும் குறையும், பொறுமையும் குறையும்.

மனோநிலையின் கேட்டோடு தேகத்தின் கேடும் சேர்ந்து வருகிறது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிப்பதே என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையில் தீர்மானித்துள்ளது. கன்னத்தின் உட்புறம் தடித்து இறுகி, வாயைத் திறக்க இயலாமற்போகும் நோய்க்கும் பாக்கே முக்கிய காரணம். வாயில் ஆறாத புண், வெண்ணிறத் தழும்பு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பதில் சிரமம் ஆகியவற்றில் ஒன்று காணினும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பழக்கத்தை விட விரும்புவோர் முதலில் புகையிலையை அறவே நீக்குதல் நன்று. பின்னர் ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையிலுள்ள நேரத்தை நாளுக்கு நாள் நீட்டி, பாக்கின் அளவையும் குறைத்து வரலாம். வாய் சும்மா இராதென்போர் ஏலக்காய் அல்லது சீரகத்தை மெல்லலாம். ஆரம்பத்தில் சில தினங்கள் கோபமும் சோர்வும் மிகுந்திருக்கும். அவை பழக்கம் விலகும்போது தோன்றும் குறிகள் என்பதை வீட்டார் அறிந்து பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்நாட்களில் கஞ்சி, நீர்மோர் முதலியவற்றை வேளை தவறாமல் கொடுப்பது பெரிதும் உதவும்.

நிலமுடையோர் நடவு, அறுப்பு நாட்களில் ஆட்களுக்குப் பாக்கும் புகையிலையும் வாங்கித் தருவது சில இடங்களில் வழக்கம். அச்செலவை நீர்மோருக்கும், வேளைக்கு உணவுக்கும், சிறிது ஓய்வுக்கும் மாற்றினால் வேலை குறையாது; ஆட்களின் மனமும் கலங்காது. 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதும், கல்விச்சாலைகளிலிருந்து 100 கஜத்திற்குள் அவற்றை விற்பதும் 2003-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதனைக் கடைக்காரர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். பெரியோர் பாக்கை மெல்லுவதைக் கண்டே சிறுவர் கற்கிறார்கள். ஆதலால் கிராமத்தில் முன்னிற்போர் தாமே முதலில் இப்பழக்கத்தைக் குறைத்துக் காட்டுவது, நூறு உபதேசங்களிலும் மேலான பயனைத் தரும்.