மனவடு ஆற எதை, எப்போது படிக்கலாம்?

2021 டிசம்பர் 17. சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெருந்திரளாக உட்கார்ந்துவிட்டார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டால் 250-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று, அவர்களில் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி. கூடவே படுத்துறங்கிய தோழி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத தவிப்புதான் அவர்களைத் தெருவுக்கு இழுத்து வந்தது. உயிரிழப்பு இல்லை என்பது பிறகு உறுதியானது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மறுபடி திறந்தது.

லைன் ஓடத் தொடங்கியதும் பேச்சு ஓய்ந்துவிடுகிறது. பயம் அப்படி ஓய்வதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பிரஸ் மெஷினில் விரல் போனவர், நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் விபத்தைப் பார்த்தவர், சூப்பர்வைசரின் தொல்லையைச் சொல்ல முடியாமல் வேலையை விட்டவர் எனப் பலர் மனவடு என்னும் இந்தச் சுமையோடு வாழ்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது, ஷெட் வாசலை நெருங்கினாலே நெஞ்சு அடைக்கிறது. இவர்களுக்கு ஆலோசனை சொல்பவர் எதைப் படிக்க வேண்டும்? இவர்கள் கையில் எதைக் கொடுக்கலாம்? இரண்டுக்கும் ஒரே பட்டியல் உதவாது.

ஆலோசகரின் மேசையில்

முதலில் ஜூடித் ஹெர்மன். 1992-இல் வெளிவந்த ‘டிராமா அண்ட் ரிகவரி’யில் இந்த அமெரிக்க மனநல மருத்துவர் மீட்சியை மூன்று கட்டங்களாக வகுத்தார்: பாதுகாப்பை உறுதிசெய்வது, நடந்ததை நினைத்துத் துக்கம் கொண்டாடுவது, மறுபடி மனிதர்களோடு கலப்பது. முதல் கட்டம் அமையாமல் இரண்டாவதைத் தொடக் கூடாது. நம் வட்டாரத்தில் இதன் பொருள் மிகத் தெளிவானது. விரல் இழந்த காண்ட்ராக்ட் தொழிலாளியை அதே காப்பில்லாத மெஷின் முன்னால் நிறுத்திவிட்டு, வாராவாரம் அவரிடம் கதை கேட்பது சிகிச்சை ஆகாது. இ.எஸ்.ஐ. விடுப்பு, இழப்பீடு, வேறு பிரிவுக்கு மாற்றம் ஆகியவையும் ஆலோசகர் அக்கறைப்பட வேண்டிய விஷயங்களே.

அடுத்தது மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் 2014-இல் எழுதிய ‘தி பாடி கீப்ஸ் த ஸ்கோர்’. ஆபத்து கடந்த பின்னும் உடம்பு ஏன் எச்சரிக்கையாகவே இருக்கிறது, பேச்சு மட்டும் ஏன் சிலருக்குப் போதுவதில்லை என்று விளக்கும் நூல். ஆலோசகர் அவசியம் படிக்கட்டும். பாதிக்கப்பட்டவரிடம் எடுத்த எடுப்பில் நீட்ட வேண்டாம். அதில் வரும் வன்முறை விவரிப்புகள் ஆறிவரும் புண்ணைக் கீறிவிடக்கூடும்.

மூன்றாவது, நம்மவர் எழுதியது. யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ 1998-இலும், ‘ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்’ 2014-இலும் வந்தன. காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைக்கிறது என்பது அவர் கண்டறிந்து சொன்னது. அதனால் மருந்தும் கூட்டாகவே தேவைப்படுகிறது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மனத்தை அமைதிப்படுத்த சைவருக்கு மந்திர ஜெபம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ரு என அவரவர் வழக்கத்தில் இருந்ததையே கையாண்டார்கள். விழுப்புரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் தங்குபவர்களோடு வேலை செய்யும் நம் ஆலோசகர்களுக்கு, இதைவிட நெருக்கமான பாடம் கிடைப்பது அரிது.

பாதிக்கப்பட்டவர் கையில்

முதல் சில நாட்களுக்குப் புத்தகமே வேண்டாம். அப்போது படிக்க வேண்டியவர்கள் சுற்றியிருப்பவர்கள்: வார்டன், அறைத்தோழி, சங்க நிர்வாகி. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அவர்களுக்கானது. பார், கேள், இணை என்ற மூன்று சொற்களில் அதன் சாரம் அடங்கிவிடும். என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள் என்கிறது அந்தக் கையேடு. டிவி கேமராக்கள் சூழ்ந்துகொள்ளும் நேரங்களில் நாம் மறந்துவிடும் அறிவுரை அது.

கொஞ்சம் நிதானம் வந்த பிறகு, அதே நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த ‘டூயிங் வாட் மேட்டர்ஸ் இன் டைம்ஸ் ஆஃப் ஸ்ட்ரெஸ்’ என்ற படக் கையேடு உதவும். நாளுக்குச் சில நிமிடம் போதும். பயிற்சிகள் ஒலிவடிவிலும் இருக்கின்றன. பன்னிரண்டு மணி நேரம் நின்று திரும்பிய கண்களால் நீண்ட பக்கங்களை வாசிக்க முடியாது. காதால் கேட்பதும் வாசிப்புதான்.

வாழ்க்கை ஓரளவு கைக்குள் வந்த பிறகு ‘கருக்கு’. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி, பிழைப்பும் பிடிப்பும் அற்று நின்ற நிலையில் பாமா எழுதிய தன்வரலாறு. ஹெர்மனின் நூலைப் போல அதுவும் 1992-இல்தான் வந்தது. சாதி தந்த காயங்களைத் திரும்பிப் பார்த்து எழுதியதே தன்னை ஆற்றியது என்று அவர் சொல்லியிருக்கிறார். பேச்சுத் தமிழில் இருப்பதால் பள்ளிப்படிப்போடு வேலைக்கு வந்த பெண்ணும் தடையில்லாமல் படிக்கலாம். தனக்கு நேர்ந்ததைத் தன் மொழியிலேயே சொல்ல முடியும் என்ற தைரியம் அதில் கிடைக்கும். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பாதியில் மூடிவைக்கும் உரிமை வாசிப்பவருடையது.

இனி ஆக வேண்டியது

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. சிப்காட் கட்டியது, செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். அத்தனை பேர் உறங்கும் இடத்தில், மனவடு பற்றித் தெளிவான தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் முப்பது பக்கச் சிறு நூல் ஒன்று ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும். அதன் பின்னட்டையில் கட்டணமில்லாத மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸின் எண் 14416 பெரிதாக அச்சாக வேண்டும். படித்துவிட்டுப் பேச வருபவருக்குச் சம்பள வெட்டு இல்லாமல் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாசிப்பு வழியைக் காட்டும். அந்த வழியில் நடக்க நேரமும் பாதுகாப்பும் கொடுக்கும் பொறுப்பு ஆலைகளுக்கும் அரசுக்கும் உண்டு.