'மூணு வாரம் கழிச்சுத்தான்... ஆனா நானே பேசி வாங்கினேன்டி!' - ஜெர்மனியில் குடித்தனம் பழகிய அக்காவின் கதை

"ஞாயித்துக்கிழமை காபிக்குப் பால் இல்லைடி. ஊர்ல ஒரு கடை திறக்கல!" - ஜெர்மனி போன அக்கா வீடியோ காலில் சொன்ன முதல் புகார் இதுதான். ஸ்டுட்கார்ட் பக்கத்தில், மெர்சிடிஸ் கார் ஆலை இருக்கும் சிண்டெல்ஃபிங்கனில் அத்தானுக்கு ஐ.டி வேலை. கல்யாணமான இரண்டாவது மாதமே மதுரையிலிருந்து அக்காவும் கிளம்பிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்களா? அக்கா பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

தபால் பெட்டியில் பெயர்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு 'ஆன்மெல்டுங்' என்று பெயர். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று அவசியம். வரி எண் தபாலில் வருவதற்கும் இந்தப் பதிவுதான் ஆரம்பம்.

பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்குத் தனி எண் கிடையாது. பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். நமக்கோ குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. அக்கா பாஸ்போர்ட்டில் எங்கள் அப்பா பெயர், அத்தானுடையதில் அவர் அப்பா பெயர். பெட்டியில் அத்தான் பெயர் மட்டும் இருந்ததால், அக்காவின் மருத்துவக் காப்பீட்டு அட்டை திரும்பிப் போய்விட்டது. இருவர் பெயரையும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

ஞாயிறு என்றால் அமைதி

1919-ம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த ஞாயிறு ஓய்வுப் பிரிவு, இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது. அதனால் சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் பூட்டு. ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், சில மணி நேரம் பேக்கரி... இவைதான் கைகொடுக்கும். சனிக்கிழமையே பால், காய்கறி வாங்கிவிட வேண்டும்.

இரவு 10 முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது. இட்லி மாவு அரைப்பதென்றால் பகலில்தான்! தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வாங்கிய 25 சென்ட் முன்பணம், கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

விசாவுக்கு வேண்டாம்... வாழ்க்கைக்கு?

'ப்ளூ கார்டு' வைத்திருப்பவரின் மனைவி விசா பெற ஜெர்மன் தெரிந்திருக்கத் தேவையில்லை. "அது சலுகைன்னு நினைச்சேன். வந்த பிறகுதான் புரிஞ்சது" என்கிறார் அக்கா. அத்தான் அலுவலகத்தில் ஆங்கிலம். ஆனால் டாக்டரிடம் நேரம் வாங்க, கரன்ட் பில் விவரம் கேட்க எல்லாம் ஜெர்மன்தான். எதற்கெடுத்தாலும் அத்தான் வரும்வரை காத்திருக்க வேண்டும். மதுரையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், "ஊமை மாதிரி இருக்கேன்டி" என்று அழுத இரவும் உண்டு.

ஆறாவது மாதம், 'ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே' எனும் மக்கள் கல்வி மையத்தில் மொழி வகுப்பில் சேர்ந்தார். அதே சமயம் வாசலுக்கு வந்தது ஒரு பலகை.

படிக்கட்டில் ஒரு சிநேகம்

அந்தப் பகுதியில் 'கேர்வோக்கெ' என்றொரு வழக்கம். எந்த வீட்டுக் கதவில் பலகை தொங்குகிறதோ, அந்த வீட்டார் அந்த வாரம் பொதுப் படிக்கட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். "வாடகையும் கொடுத்து, நாமளே கூட்டணுமா?" என்று முதலில் அக்காவுக்குக் கோபம். பிறகு துடைப்பத்தை எடுத்தார். வாசல் தெளித்துக் கோலம் போட்ட கைதானே!

கூட்டும்போதுதான் கீழ்வீட்டுப் பாட்டி முதன்முதலாக நின்று பேசினார். வகுப்பில் படித்த நாலு வார்த்தையை அக்கா அவரிடம்தான் தைரியமாகப் பேசிப் பார்த்தார். தப்பு விட்டால் பாட்டி திருத்துவார். பலகை அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் பேச்சு நிற்கவில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தார். பல் டாக்டரிடம் தானே ஜெர்மனில் பேசி நேரம் வாங்கிவிட்டாராம்.

"தேதி என்னவோ மூணு வாரம் கழிச்சுத்தான். ஆனா, நானே பேசி வாங்கினேன்டி!"