முற்றல் கறிக்கு ஒரு பிரெஞ்சுப் பக்குவம்

அடுப்புகள் பல – 9

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் நின்று பார்த்தால் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இந்த மலைகளோடு வடமேற்கே நீள்கிறது. மேகமலைக்கு அந்தப் புறம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சையை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்கிறார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் தந்த கொடி இங்கே செழித்துவிட்டது. அவர்களுடைய சமையலில் நமக்குப் பொருந்தும் ஒரு குழம்பு மட்டும் நம் அடுப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதன் பெயர் பெஃப் பூர்கினியோன். கிழக்கு பிரான்சில், பினோ நுவார் திராட்சைக்குப் பேர்போன பூர்கோஞ் வட்டாரத்தின் மாட்டுக்கறிக் குழம்பு. 1963-இல் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சி அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, முதலில் செய்து காட்டியது இதைத்தான். இன்று நட்சத்திர விடுதி விருந்தாகத் தெரிந்தாலும், இந்தப் பக்குவமே முரட்டுக் கறிக்காக அமைந்தது.

நமக்கும் அதற்கும் பொருத்தம் அங்கேதான். தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டை, அல்லது மீளாத ஊனமுற்ற மாட்டைத்தான் சான்றிதழ் பெற்று வெட்டலாம். அப்படி வருவது பெரும்பாலும் முற்றல் கறியே.

முற்றல் கறியில் தசையை இறுக்கிப் பிடித்திருப்பது கொலாஜன். அவசரமாக வறுத்தால் ரப்பராகிவிடும். 70 டிகிரிக்கு மேல், ஈரத்தோடு, மணிக்கணக்கில் வெந்தால் அது ஜெலட்டினாகக் கரையும். குழம்பு கெட்டிப்படும், உதட்டில் ஒட்டும். அதனால் கடையில் எலும்பில்லாத முன்னங்கால் சப்பைக் கறியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு கிலோ கறியைப் பெரிய துண்டுகளாக்கி, ஈரம் போகத் துடைத்து, சூடான எண்ணெயில் சிறிது சிறிதாகப் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். பிறகு வெங்காயம், கேரட், பூண்டு வதக்கி, ஒரு கரண்டி மைதா தூவிக் கிளறி, 750 மில்லி சிவப்பு ஒயினும் கறி மூழ்கும் அளவு எலும்புச் சாறும் ஊற்ற வேண்டும். அவர்கள் போடும் லாரல் இலையும் நம் பிரிஞ்சி இலையும் வேறு வேறு மரத்தினவை. பிரிஞ்சி இலையைப் போட்டால் பட்டை வாசம் தூக்கும். மூடி, சிறு தீயில் மூன்று மணி நேரம். கடைசியில் வெண்ணெயில் வதக்கிய காளானும் முழுச் சின்ன வெங்காயமும்.

குக்கரில் வைத்தால் கறி வேகும், சாறு வற்றாது. ஆவி அடங்கியதும் திறந்துவைத்து வற்ற விட வேண்டும்.

கொதித்தால் ஒயினிலுள்ள ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. இரண்டரை மணி நேரம் வெந்த பிறகும் ஏறக்குறைய 5 சதவீதம் தங்கும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. மதுவை விலக்கியவர்களுக்குப் பரிமாறுமுன் இதைச் சொல்லிவிடுவதே முறை.

செய்த அன்றே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டாம். மீன் குழம்பைப் போல இதுவும் மறுநாள்தான் சுவை கூடும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள்.